வீட்டில் கேட்டவர்

அன்புள்ள மச்சானுக்கு,

அத்தானிடமிருந்து கடிதமா என்று பயப்படாதே. இங்கே எல்லாரும் நலம், என் மானம் ஒன்றைத் தவிர. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் உன் குரல் கேட்டாலே என் மகள் பறந்து வந்து போனைப் பிடுங்கிவிடுகிறாள். உன்னோடு வேலை செய்யும் பெயின்டர் லீவு முடிந்து நாளைக்குக் கிளம்புகிறார். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

போன சனிக்கிழமை பள்ளியில் பெற்றோர் கூட்டம். எங்களைப் பிள்ளைகளின் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். உங்க பிள்ளை கடைசியா எதுல தப்பு பண்ணுச்சு, யாராவது சொல்லுங்க என்று டீச்சர் கேட்டார். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் விடுவேனா? என் பொண்ணு தப்பே பண்ண மாட்டா டீச்சர் என்று எழுந்தேன். நாற்காலியும் என்னோடு எழுந்தது. பக்கத்தில் இருந்த பஸ் டிரைவர்தான் பின்னாலிருந்து இழுத்து எங்கள் இருவரையும் பிரித்து வைத்தார்.

சிரித்து முடி. மீதியைச் சொல்கிறேன்.

கூட்டம் கலைந்ததும் டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு நோட்டைக் கொடுத்தார். அட்டையில் ‘தப்பு நோட்டு’ என்று என் மகளின் கையெழுத்து. வாரம் ஒரு தப்பை எழுத வேண்டுமாம். எந்த இடத்தில் வழி மாறினோம் என்று வீட்டில் ஒருவரிடம் விளக்க வேண்டுமாம். கேட்டவர் திருப்பி ஒரு கேள்வி கேட்க வேண்டுமாம். பக்கத்தின் அடியில் ‘வீட்டில் கேட்டவர்’ என்று ஒரு கோடு. பதினான்கு பக்கம் புரட்டினேன். பதினான்கிலும் மாமா, மாமா, மாமா.

அரையோடு மூன்றில் ஒன்றைக் கூட்டி ஐந்தில் இரண்டு என்று போட்டிருக்கிறாள். நீ, அரையோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா அரையைவிடக் குறைஞ்சு போகுமா என்று கேட்டாயாம். அவளே பக்கம் முழுக்க வட்டம் வட்டமாக வரைந்து சரிசெய்திருக்கிறாள். இன்னொரு பக்கத்தில் நாற்பதுக்கு ஒன்பது மார்க். அதையும் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பியிருக்கிறாள்.

வயிறு எரிந்தது மச்சான், மறைப்பானேன். அவள் வாங்கிய நூறெல்லாம் எனக்கு வந்தது. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி, வந்தவன் போனவனுக்கெல்லாம் காட்டினேன். அந்த ஒன்பது மட்டும் கடல் தாண்டி உன்னிடம் போயிருக்கிறது. நீ அனுப்பிய நீலச் சட்டையைத்தான் அன்றைக்குப் போட்டிருந்தேன். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கழற்றி எறிந்தேன். சின்னப் புத்திதான்.

உன் அக்காவுக்கும் எல்லாம் தெரியுமாம். நூறு வாங்கினா தெருவுக்கே தம்பட்டம் அடிக்கிறீங்க, குறைஞ்சா உங்க மூஞ்சி மூணு நாள் லீவு போடுது, அப்புறம் எப்படிக் காட்டுவா என்றாள். மகளிடமே கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டே, எல்லார்கிட்டயும் நான் கெட்டிக்காரின்னு சொல்லி வெச்சிருக்கீங்கப்பா, உங்களுக்குத்தானே அசிங்கம் என்றாள். பத்து வயதுப் பிள்ளை பதினான்கு வாரமாக என் மானத்துக்குக் காவல் இருந்திருக்கிறது. ஊரார் வாஷிங் மெஷினை எல்லாம் எங்கே கோளாறு என்று பொறுமையாகத் திறந்து பார்க்கிறவன் நான். பெற்ற பிள்ளையிடம் மூடியைக்கூடத் தூக்கிப் பார்த்ததில்லை.

நேற்று ஒரு வீட்டில் மெஷின் மாட்டினேன். உன்னை நினைத்துப் பொருமிக்கொண்டே மாட்டியதில், குழாய்க் கிளிப்பை இறுக்காமல் வந்துவிட்டேன். அவர்கள் சமையலறை குளமாகிவிட்டது. மற்ற நாளென்றால் குழாய் மட்டம் என்று வீட்டில் கதை விட்டிருப்பேன். நேற்று மகளிடம் உள்ளதைச் சொன்னேன். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, கிளிப் போட்டீங்களா இல்லையா என்றாள். போட்டேன், இறுக்கலை என்றேன். கிளம்பறதுக்கு முன்னாடி தண்ணி விட்டுப் பார்க்கலையா என்றாள். இருபது வருஷத் தொழில் எனக்கு. அது எனக்குத் தோன்றவே இல்லை. கெட்டிக்காரி என்று வாய்வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, நல்ல கேள்வி, இனிமே தண்ணி விட்டுப் பார்த்துட்டுத்தான் கிளம்புவேன் என்றேன்.

பிறகு பையிலிருந்து அந்த நோட்டை எடுத்து, பதினைந்தாம் பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தாள். பெருக்கலில் தசமப் புள்ளி எங்கேயோ ஓடிப்போயிருந்தது. விளக்கினாள். நான் கேட்ட கேள்வி உன்னுடையதைப் போல் அத்தனை சாமர்த்தியமில்லை. ஆனாலும் யோசித்தாள். ‘வீட்டில் கேட்டவர்’ கோட்டை மட்டும் நிரப்பாமல் நோட்டை மூடிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை உன் போனுக்கு வைத்திருக்கிறாள் போலிருக்கிறது.

அதனால் மச்சான், இந்த ஒரு ஞாயிறு மட்டும் உனக்கு ஓவர்டைம் என்று சொல்லிவிடு. அடுத்த வாரத்திலிருந்து மாமனும் மருமகளும் எவ்வளவு வேண்டுமானாலும் பேசுங்கள், நானே போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். வெல்டிங் வேலை, கண்ணைப் பார்த்துக்கொள். நீ நன்றாக இருக்க வேண்டும். வயிற்றெரிச்சலோடு சொன்னாலும் மனதாரச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
நீலச் சட்டையை மறுபடி துவைத்துப் போட்டிருக்கும்
உன் அத்தான்

பி.கு.: பென்சிலைக் கூராகச் சீவி நோட்டின் மேல் வைத்திருக்கிறேன். அந்தக் கோட்டில் ‘அப்பா’ என்று எழுதும்மா என்று மட்டும் அவளிடம் நான் சொல்லவில்லை.