பேச்சியின் விரல்கள்

சித்திரபானு வருஷம், ஆடி 9

மனசு ஒரு நிலையில் இல்லை. மேலகரம் தோட்டத்தில் எனக்காகப் பப்பாளிக் காயைக் கீறிப் பால் எடுக்கிற பேச்சியை இன்று தென்காசிக்கு வண்டியில் அழைத்துப்போனேன். அந்தப் பாலை உலர்த்தி மதராஸில் சீரண மருந்து செய்கிறவர்களுக்கு அனுப்புகிறேன். அவள் விரல் நுனிகளில் தோலே இல்லை.

டாக்டர் என் மைத்துனன்தான். நான் தொட்ட தொழில் நொடித்தபோதெல்லாம் சிரித்தவன். எல்லார் முன்னாலும் கேட்டான்: "மாமிசத்தையே கரைக்கிற பாலுல்லா அத்தான்? ரசாயனம் படிச்ச உங்களுக்கா இது தெரியாது?"

"தெரியாது" என்றேன்.

தெரியும். இரும்பு பட்டால் பால் கறுத்துவிடும், மூங்கில் சீவலால் கீறு என்று அவளுக்குத் தினமும் சொன்னேன். கையில் எண்ணெய் தடவு, துணி சுற்று என்று ஒரு நாளும் சொல்லவில்லை. சொன்னால் பயந்து ஒருத்தியும் வேலைக்கு வரமாட்டாள். அதை மறைக்கத்தான் அவனிடம் முட்டாள் பட்டம் வாங்கினேன்.

திரும்பும்போது பேச்சி எனக்கு ஆறுதல் சொன்னாள். "சோத்தப் பிசைய முடியல, மவதான் ஊட்டுதா. நீங்க என்ன செய்வீக ஐயா, உங்களுக்கே தெரியாதுல்லா. விடியக்காலம் வந்திருதேன்."

சாரல் ஓய்ந்து இப்போதுதான் வெயில் அடிக்கிறது. பால் காய வேண்டும்.

சரி, வா என்றேன்.