வலிக்காத முட்டி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் மச்சான் எழுதுவது. இங்கே கறிக்கடை நலம், கத்தி நலம், உங்கள் மனைவியாகிய என் தங்கை ரொம்ப நலம். நான்தான் கொதித்துக்கொண்டிருக்கிறேன். மூன்றாம் வகுப்போடு கீழே வைத்த பேனாவை அதற்காகவே எடுத்தேன். எழுத்துப் பிழையைப் பார்த்துச் சிரித்தால் நேரில் வந்து உதைப்பேன்.

செவ்வாய்க்கிழமை தங்கை போனைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடி வந்தாள். நீங்கள் அனுப்பிய படம். முதுகில் வாரைப் போட்டு ஆளுயர ஃபிரிட்ஜைச் சுமந்துகொண்டு மாடிப்படியில் பல்லைக் காட்டுகிறீர்கள். கீழே, “முட்டி கொஞ்சம்கூட வலிக்கல, உங்க அண்ணன்கிட்ட காட்டு” என்று எழுத்து வேறு. “எங்க வீட்டுக்காரர் எப்படி, சிங்கம்ல?” என்றாள். சிங்கம்தான் என்றேன். அரைக் கிலோ கேட்டவருக்கு ஒன்றரைக் கிலோ வெட்டி வைத்திருந்தேன்.

இதற்கு மேல் ‘நீங்கள்’ வராது. மரியாதையைக் கடிதத்தின் கடைசியில் திருப்பித் தருகிறேன்.

அறிவு இருக்கிறதா உனக்கு? முட்டி ஆபரேஷன் முடிந்து நாலு மாதம்தானே ஆகிறது? சாமான் ஏற்றும் கம்பெனிக்குத் திரும்பினாலும் உட்கார்ந்து பெட்டி ஒட்டும் வேலைதான் என்று டாக்டர் முன்னால் பெருமாள் மாடு மாதிரி தலையாட்டினாயே! அப்படி நீ எழுதிக் கொடுத்த தாளில் சாட்சிக் கையெழுத்து போட்டவன் நான்.

சோதனை செய்து பார்க்க நான் வாராவாரம் கன்றுக்குட்டி முட்டி கொண்டுபோய்க் கொடுக்கிற ஆராய்ச்சிக்கூடம் உனக்குத் தெரியும். புதன்கிழமை போனபோது, அங்கே மிஷின் பார்க்கிற அம்மாவிடம் உன் படத்தைப் பற்றிச் சொன்னேன். எந்நேரமும் பட்டனையே அழுத்திக்கொண்டிருப்பதால் அவரைப் பட்டனம்மா என்று கேலி செய்வேன். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. வாங்க என்று உள்ளே கூட்டிப்போனார்.

சட்டைப் பித்தான் அளவு இரண்டு துண்டு. ஒன்று நான் கொடுத்த கன்றின் குருத்தெலும்பு. இன்னொன்று உனக்கு வைத்த மாதிரியே, செல்லை எடுத்துக் கிண்ணத்தில் வளர்த்தது. இரண்டும் வெள்ளை, இரண்டும் பளபளப்பு. கன்றுடையதை மிஷின் அழுத்தியது. மெல்ல மெல்லத் தண்ணீர் கசிந்தது, விட்டதும் திரும்பக் குடித்துப் பழையபடி நிமிர்ந்தது. அதே பாரத்தை வளர்த்த துண்டின்மேல் வைத்தார். ஊறின ரொட்டி மாதிரி அமுங்கி, ஓரம் பிளந்தது. நிமிரவே இல்லை.

“உள்ள நார் இன்னும் நல்லாப் பின்னலீங்க. மெதுவா நடந்தா அதுவே உரமேறும். பாரம் தூக்கினா கிழிஞ்சிரும். ஒரு வருஷமாவது பொறுக்கணும்” என்றார்.

“அவருக்குத்தான் வலிக்கவே இல்லையாமே?” என்று கேட்டேன்.

“குருத்தெலும்புல நரம்பு ஏதுங்க? கிழியறது அவருக்கு எப்படித் தெரியும்?”

முப்பது வருடமாக முட்டி உடைக்கிறேன். அதில் நரம்பில்லை என்பது எனக்கே உறைக்கவில்லை. உன்னை மட்டும் திட்டி என்ன செய்ய? இருந்தாலும் திட்டுகிறேன்.

இது கிழிந்தால் அடுத்தது கிடையாது. வளர்ப்பதற்கு விதை மாதிரி உன் முட்டி ஓரத்தில் கொஞ்சம் கிள்ளியெடுத்தார்களே, இன்னொரு தடவை கிள்ள அங்கே இடமில்லை என்று டாக்டர் அப்போதே சொன்னார். அப்புறம் உலோக முட்டிதான். முப்பத்திநாலு வயதில் அதைப் போட்டுக்கொண்டு எந்த மாடிப்படி ஏறுவாய்?

தங்கையிடம் நான் இதைச் சொல்லவில்லை. அந்தப் படத்தைத்தான் போனில் முகப்பாக வைத்திருக்கிறாள். மணி பார்க்கிற சாக்கில் உன்னைப் பார்க்கிறாள்.

பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டரிடம் எழுதி வாங்கிய சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். கிடைத்த அன்றே மேஸ்திரியிடம் காட்டுங்கள். இவ்வளவு திடமாக நடக்கிறவனுக்கு என்ன கேடு என்று அவர் கேட்பார். கேட்டால், மாப்பிள்ளை, வலிக்காவிட்டாலும் நொண்டுங்கள். அவர் கண்ணெதிரே நன்றாகக் காலை இழுத்து நொண்டுங்கள். நாலு பேர் சிரித்தால் சிரிக்கட்டும். என் தங்கைக்கு நீங்கள் உங்கள் சொந்தக் காலில் வந்து இறங்கினால் போதும்.

திட்டியதற்கு வருந்தாத,
உங்கள் மச்சான்