ஆறு தாண்டப் பிறந்த வண்டி

டொடோமா
ஆகஸ்ட் 4

எலியாமனி,

போதுமான அளவு வாய்மூடி இருந்துவிட்டேன். தொலைபேசியில் என் பெயரைப் பார்த்தாலே நீ துண்டித்துவிடுகிறாய். கடிதத்தைத் துண்டிக்க முடியாது. கிழிக்கலாம், அதற்கும் முதலில் பிரிக்க வேண்டும்.

புதிதாக வாங்கிய சஃபாரி வண்டிக்கு ஜெபம் வைத்து ஆடு அறுத்தாய். மூத்தவனுக்குரிய நெஞ்சுக்கறியை அந்த வண்டியை உனக்கு விற்றுக்கொடுத்த தரகன் கிவேலுவின் தட்டில் வைத்தாய். எனக்கு விலா எலும்பு. மறந்துவிட்டதாகச் சொல்லமாட்டேன். ஆனால் இந்தக் கடிதம் கறியைப் பற்றியதல்ல.

நீங்கள் பாடிக்கொண்டிருந்தபோது நான் பின் இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தேன். நடுவில் தேநீர்க் கறைபோல ஒரு கோடு. அதற்குக் கீழே துணி மொரமொரப்பாக இருந்தது. தரைவிரிப்பு புதிது, இருக்கைத் திருகுகளோ துருப்பிடித்தவை. வாசனைத் தெளிப்பையும் மீறிச் சேற்று வாடை. வளைகுடாவிலிருந்து கப்பலில் வந்த பழைய வண்டி அது; அங்கே ஏதோ ஒரு நகரத்து வெள்ளத்தில் இருக்கை மட்டத்துக்கு மூழ்கி நின்றிருக்கிறது.

கிவேலுவிடம் கேட்டேன். "வாத்தியாரே, இது ஆறு தாண்டவே பொறந்த வண்டி. இதுக்கே தண்ணியக் காட்டிப் பயமுறுத்துறீங்களா?" என்றான். நீயும் சேர்ந்து சிரித்தாய்.

ஆற்றைத் தாண்டுவது வேறு, ஊறிக் கிடப்பது வேறு. தண்ணீரில் முதலையும் கிடக்கும், பிணமும் கிடக்கும். சாக்கடையும் உப்பும் கலந்த நீர் கம்பிகளுக்குள் புகுந்தால் அரித்துக்கொண்டேதான் இருக்கும். இன்று ஓடும், நாளையும் ஓடும். என்றைக்கு நிற்கும், என்றைக்கு நிற்காமல் போகும் என்று அதற்கே தெரியாது.

சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு போகும் முதல் பயணத்தில் உன் மகள் மங்கா ஓட்டுவாள் என்றாய். அதுவும் ங்கோரோங்கோரோ எரிமலைப் பள்ளத்துக்குள் இறங்கும் செங்குத்துச் சரிவில். அவளை அனுப்பாதே.

உன் அண்ணன்
அமினியேலி


அருஷா
ஆகஸ்ட் 15

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உங்கள் கடிதத்தைப் பிரித்துவிட்டுக் கிழிக்கத்தான் நினைத்தேன். மங்கா பிடுங்கி வாசித்துவிட்டாள். "பெரியப்பா திட்டும்போதுகூட ஒரு எழுத்துப் பிழை இல்ல பாருங்கப்பா" என்றாள்.

அப்பாவின் வீடும் வாழைத்தோப்பும் கடைக்குட்டிக்கு என்பது நம் ஆட்களின் வழக்கம். நான் உண்டாக்கியதல்ல. பாதித் தோப்பை விற்று வண்டி வாங்கினேன் என்பதுதானே உங்கள் எரிச்சல்? அதற்குப் பெல்ட்டும் திருகும் எதற்கு?

வண்டி அருமையாக ஓடுகிறது. சின்னச் சின்னக் குறும்புகள் உண்டு. ஞாயிறன்று தேவாலய வாசலில் தானாகவே ஹாரன் அடித்தது. பாஸ்டர் உடனே, "பாருங்க, வண்டியே ஆமென் சொல்லுது. நீங்கதான் வாயத் திறக்க மாட்டேங்கிறீங்க" என்றார். சபை முழுக்கச் சிரிப்பு. ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு மஞ்சள் விளக்கு விடாமல் எரிந்துகொண்டிருந்தது. மெக்கானிக் அந்தப் பல்பைக் கழற்றிவிட்டான். இப்போது நிம்மதி.

உண்மையைச் சொல்கிறேன் அண்ணா. இதையே வழியில் போகிற எவனாவது சொல்லியிருந்தால் அன்றே வண்டியைப் பிரித்துப் பார்த்திருப்பேன். அடியில் உங்கள் பெயரைப் பார்த்ததும் மேலே இருப்பதெல்லாம் பொறாமையாகவே தெரிகிறது.

பயணம் செப்டம்பர் இரண்டாம் தேதி. மங்காதான் ஓட்டுகிறாள்.

தம்பி
எலியாமனி


டொடோமா
ஆகஸ்ட் 21

வண்டியின் சொந்தக்காரருக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. நான் வழியில் போகிறவன்.

உங்கள் வண்டி தேவாலய வாசலில் கத்தியது ஆமென் அல்ல. எங்கோ ஒரு கம்பி அரித்துப்போய் இன்னொன்றைத் தொடுகிறது. பிரேக்குக்குப் போகும் கம்பிகளும் அதே சேற்றில் ஊறியவைதான். அந்த மஞ்சள் விளக்கு பிரேக்கைப் பற்றியதாகத்தான் இருக்கும். பல்பைக் கழற்றிய மெக்கானிக் நோயைத் தீர்க்கவில்லை, சாட்சியின் வாயைக் கட்டியிருக்கிறான்.

பல்பைத் திரும்பப் போடச் சொல்லுங்கள். தரைவிரிப்பைக் கிழித்துக் கீழே பாருங்கள். பின் அச்சின் எண்ணெயை ஒரு டம்ளரில் வடியுங்கள். பால் விட்ட தேநீர்போல இருந்தால் அதற்குள்ளும் தண்ணீர் போயிருக்கிறது. பிரேக்கை முழுவதும் பிரித்துப் பார்க்காமல் அந்தச் சரிவில் யார் பெற்ற பெண்ணையும் இறக்காதீர்கள். பயணத்துக்கு வேறு வண்டியை வாடகைக்கு எடுங்கள். கிவேலு சிரிப்பான். சிரிக்கட்டும், அந்த இருக்கையில் உட்காரப்போவது அவனல்ல.

இதுவரை எழுதியதும் கை வழக்கம்போல 'உன் அண்ணன்' என்று போடப் போய்விட்டது. தடுத்துக்கொண்டேன். நெஞ்சுக்கறிக்காகவும் தோப்புக்காகவும் உன்னை நான் மன்னிக்கவில்லை எலியாமனி. மன்னிக்கும் எண்ணமும் இப்போதைக்கு இல்லை. அதற்கும் மங்காவின் கால் மிதிக்கப்போகும் பிரேக்குக்கும் என்ன சம்பந்தம்? என் பெயர்தான் உன் கண்ணை மறைக்கிறதென்றால் அந்தப் பெயர் இதில் வேண்டாம். அடியில் எதுவும் எழுதாமல் உறையை ஒட்டித் தபாலில் போடப் போகிறேன்.

எழுத்து யாருடையது என்று உனக்குத் தெரியும். தெரியாதவன்போல் படி.