உன் காதில் கோளாறு இல்லை, அண்ணா

என் ஆசை அண்ணா,

நீ போன பிறகு பம்பாய் ஊரே மாறிவிட்டது. சண்டை முடிந்தது, வெள்ளைக்காரனும் கப்பலேறிவிட்டான். மாதுங்கா மார்க்கெட்டில் முருங்கைக்காய் விலைக்கு மட்டும் இன்னும் விமோசனம் இல்லை. ஆனால் இதையெல்லாம் சொல்ல நான் உட்காரவில்லை. உன்னோடு டிரங்க் டெலிபோன் நிலையத்தில் ஷிப்ட் பார்த்த சேஷு நேற்று வந்திருந்தான். அம்மா பூஜையில் இருந்தாள். அவன் வாசலில் நின்றே சொல்லிவிட்டுப் போனான்.

உன் காதில் ஒரு கோளாறும் இருக்கவில்லையாம்.

வெளியூர்க் கம்பிகளைச் சோதிக்க ஹெட்போன் மாட்டிக்கொள்வாயே, அதில் பேச்சில்லாத வேளையில் எப்போதாவது ஒரு சீட்டி கேட்கிறது என்பாய். உச்சஸ்தாயியில் தொடங்கி வழுக்கிக்கொண்டே இறங்கும் என்று எனக்கு ஊதிக் காட்டுவாய். வீட்டுக்குள் சீட்டியடிக்காதே என்று அம்மா அடுக்களையிலிருந்து சத்தம் போடுவாள். சேஷு வாங்கி மாட்டினால் மட்டும் கம்பி ஊமையாகிவிடும்.

உங்கள் நிலையத்தில் ஹெட்போனை எல்லாரும் 'கான்' என்பீர்கள். அதுதான் உன்னைக் கெடுத்தது. வருஷப் பரிசோதனையில் ஆபீஸ் டாக்டர், வேலையில் ஏதாவது தொந்தரவு உண்டா என்று கேட்டார். ஆண்பால் பெண்பால் தெரியாத உன் மாதுங்கா இந்தியில், "கான் மே சீட்டி பஜ்தா ஹை, சாப்" என்றாய். கானில் சீட்டி ஊதுகிறது என்று நீ சொன்னது கருவியை. இந்தியில் கான் என்றால் காது. அவர் காதில் இரைச்சல் என்று முடிவு கட்டினார். நீ விளக்கப் போனதும், பக்கத்திலிருப்பவனுக்குக் கேட்காதது உனக்கு மட்டும் கேட்டால் அது காதுதான் என்று வாயை அடைத்துவிட்டார். ஹெட்போனைப் பிடுங்கிக்கொண்டு உன்னைப் பில் எழுத அனுப்பினார்கள்.

இப்போது சீமையிலிருந்து வந்த ஓர் இன்ஜினியர் அதே கம்பியில் அதே சீட்டியைக் கேட்டாராம். சிரித்தாராம். முதல் உலகச் சண்டையிலேயே இதைக் கேட்டிருக்கிறார்களாம். எங்கோ மின்னல் அடித்தால் அதிலிருந்து ரேடியோ அலையும் கிளம்புமாம். அதில் ஒரு பங்கு மேகத்துக்கெல்லாம் மேலே, மின்சாரம் ஏறிய வெளிக்குள் புகுந்து வருமாம். பூமியின் காந்தத்துக்கும் இதில் பங்குண்டாம். கிளம்பும்போது எல்லா ஸ்வரமும் ஒன்றாகத்தான் கிளம்புகின்றன. வழியில் மேல் ஸ்வரம் முந்திக்கொள்கிறது, கீழ் ஸ்வரம் பின்தங்குகிறது. அதனால்தான் சீட்டி இறங்குகிறது. அது எவ்வளவு தூரம் போய் வருகிறது என்று அவர்களுக்கே இன்னும் தெரியாதாம்.

நீ எனக்கு ஊதிக் காட்டியது அச்சு அசல் அதேதான். இதைத் தெரிந்துகொண்டு இனி நான் என்ன செய்வேன், அண்ணா?

கடைசி நாட்களில் நீயே உன்னை நம்பவில்லை. மில் சங்கு ஊதினாலும் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்பாய். அம்மா பூண்டு போட்டுக் காய்ச்சின எண்ணெயை உன் காதில் விட்டு, தலையைத் தடவி, "அது வெளியிலே இல்லேடா கொழந்தே, ஒன் காதுக்குள்ளே ஆக்கும்" என்பாள். நீ பயப்படக்கூடாதே என்றுதான் சொன்னாள். ஒவ்வொரு முறையும் சொன்னாள்.

நீ ரயிலில் அடிபட்ட அன்று தண்டவாளத்தில் உன்னோடு வந்தவனும் சேஷுதான். போகும்போது படியில் திரும்பி நின்று, இதுவரை சொல்லாததையும் சொன்னான்.

"அவனுக்கு வண்டிச் சத்தம் கேக்கலேன்னு நினைக்காதே, கோமு. வண்டியோட சீட்டி கேட்டு நின்னான். தலையை ஆட்டிண்டு, 'காதுக்குள்ளேதாண்டா'ன்னு சிரிச்சான். நான் கத்தறதுக்குள்ளே நடந்துட்டான்."

அம்மாவுக்கு இருக்கும் ஒரே ஆறுதல் என்ன தெரியுமா? உன் காது கெட்டிருந்தது, வண்டி வந்ததே உனக்குத் தெரியாது, பயப்படாமல் போனாய் என்பதுதான். உன் காது நன்றாக இருந்தது என்று நான் வாயைத் திறந்தால், நீ வண்டியைக் கேட்டும் ஏன் நடந்தாய் என்று கேட்பாள். பதிலை அவளே கண்டுபிடித்துவிடுவாள். அவளுடைய வார்த்தைதானே அது.

அவளுக்குப் படிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இதை அச்சுக்குக் கொடுக்கிறேன். மாதுங்காவில் இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து அவளிடம் துக்கம் விசாரிக்கப் போகாதீர்கள்.

இன்று காலை லோக்கல் வண்டி ஊதிக்கொண்டு போயிற்று. அரிசி களைந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்து, "இத்தனை சத்தம் அவனுக்குக் கேக்கலையேடி" என்றாள்.

"ஆமாம்மா, கேக்கலை" என்றேன்.

இனி எத்தனை முறை கேட்டாலும் அதையேதான் சொல்வேன், அண்ணா. அவள் இருக்கும்வரை இந்த வீட்டில் நீ காது கெட்டவன்தான்.

உன் தங்கை,
கோமதி