பேர்ள் கட்டுரைக்கு ஒரு தலைப்பு

யூன் 11, செவ்வாய்

சோளகக் காற்று விடவில்லை. கொடியில் போட்ட உடுப்பெல்லாம் மணல். அரிசி மா முடிந்தது.

கந்தோரில் வேலை முடிந்து வந்து, யாரும் எழுதித் திருத்தக்கூடிய இணையக் கலைக்களஞ்சியத்தைத் திறந்தேன். பேர்ள் பற்றிய என் கட்டுரையின் தலைப்பு மறுபடி மாறியிருக்கிறது. நான் வைத்தது: பேர்ள் (கிரிப்டோ நாணயம்). கோயம்புத்தூரில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், என்னைப் போலச் சும்மா எழுதுகிறவர், மாற்றியது: பேர்ள் மறையீட்டு நாணயம். வெறும் பேர்ள் என்றும் விட ஏலாது. ஆங்கிலத்தில் பேர்ள் என்றால் முத்து; அதைத் தேடி வருகிறவர்கள் குழம்புவார்கள். கண் எரிவு. மூடிவிட்டுப் படுத்தேன்.

யூன் 13, வியாழன்

காற்று. தாழ்வுபாட்டுக் கரையில் படகு ஒன்றும் இறங்கவில்லை. பின்னேரம் தங்கை ரீற்றாவின் கணவன் யூட் வந்தான். தேத்தண்ணீர் குடித்தான். பிறகு:

"மச்சாள், பேர்ள் எண்டு ஒண்டு இருக்காம். போட்டால் கெதியா ரெட்டிப்பாகுமாம். படகு என்ஜினை விக்கப்போறன்."

"ரீற்றாவுக்குத் தெரியுமோ?"

"இன்னும் சொல்லேல்லை."

"அதைப் பற்றி வாசிச்சனீரோ?"

"தேடினனான். தமிழிலை விக்கிற ஆக்களின்ரை வீடியோதான் வருது."

இத்தனை நாள் எழுதிய கட்டுரை. திறந்து கொடுத்தேன். தலைப்பிலேயே நின்றான்.

"மறையீட்டு எண்டால்? ஒளிச்சு வைக்கிறதோ?" பிறகு முகம் தெளிந்தது. "நாணயம் எண்டு போட்டிருக்கே. பிறகென்ன, நம்பலாம்."

கீழே வாசிக்கச் சொன்னேன். நடத்துவது யாரென்று தெரியாது, விலை திடீரென்று விழலாம், எல்லாம் எழுதியிருக்கிறேன். "பிறகு பாக்கிறன்." போய்விட்டான். கோபிக்கவும் தெம்பில்லை.

யூன் 14, வெள்ளி

கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் யூட் சொன்னதை அப்படியே எழுதினேன். வாதம் ஒன்றும் சேர்க்கவில்லை. பின்னேரம் கந்தோரால் வர ஆசிரியரின் பதில்: "அவர் என்ன எழுதித் தேடினாராம், அம்மா?"

எனக்குக் கேட்கத் தோன்றவேயில்லை. யூட்டுக்குப் போன் எடுத்தேன்.

"பேர்ள் கிரிப்டோ எண்டுதான். எல்லாரும் அப்பிடித்தானே சொல்லுறவை."

அதையும் எழுதிப் போட்டேன். தலைப்பை ஆசிரியரே மாற்றினார்: பேர்ள் (கிரிப்டோ). நாணயம் என்ற சொல் தலைப்பில் வேண்டாமாம். "மறையீட்டு நாணயம் முதல் வரியில் இருக்கட்டும். அந்த ஒரு ஆசை." சிரிப்பு வந்தது. அதற்குள் பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

யூன் 16, ஞாயிறு

சேர்ச்சில் பூசை முடிந்து வந்து செருப்புக்கூடக் கழற்றவில்லை, யூட்டின் அழைப்பு.

"மச்சாள், இப்ப தேட முதலாவதா வருது. இண்டைக்குத்தான் முழுக்க வாசிச்சனான்."

"நல்லது."

"நேற்று என்ஜினை ஓலைத்தொடுவாய் ஊர் ஆள் ஒருத்தருக்கு வித்திட்டன்."

"காசைப் பேர்ளிலை போட்டிட்டீரோ?"

"இல்லை. கையிலை இருக்கு. என்ஜினைத் திருப்பிக் கேக்கப் போறன். நீங்களும் வாங்கோ. கந்தோரிலை வேலை செய்யிறனீங்கள், நீங்கள் கேட்டால் தருவார்."

"ரீற்றா?"

"பக்கத்திலை நிக்கிறா. அழுறா."

வாங்கியவரை எனக்குத் தெரியாது. ஏன் தருவார்? முழங்கால் நோவு, வெயில், ஏழு நாளில் கிடைக்கும் ஒரே லீவு. வாறன் என்று சொல்லிவிட்டேன்.

சோறு வடித்து மூடியாயிற்று. வாசலில் யூட்டின் மோட்டார் சைக்கிள்.