நீ சொல்லாத இரண்டு சொற்கள்

வெள்ளவத்தையில் தையல்கடை வாங்கில் உட்கார்ந்திருந்தபோது உன் குரல் கேட்டது. தைக்கக் கொடுத்த சட்டையை எடுக்கப் போயிருந்தேன். தலைக்கு மேலே தொலைக்காட்சியில் நாம் சேர்ந்து செய்த விவரணப் படம் ஓடிக்கொண்டிருந்தது. ஆங்கிலத்தில் இருந்ததை நான் தமிழாக்கினேன், நீ வாசித்தாய். "என்ன வடிவாக் கதைக்கிறா இந்தப் பிள்ளை" என்றார் தையல்கார அக்கா. நீ போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை என்று அவருக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அழுதுவிடுவேன் என்றுதான் நினைத்தேன். அதற்குள், வீடுகளை விட்டுத் துரத்தப்பட்டவர்கள் பாலைவனத்தில் நடக்கும் காட்சி வந்தது. "அந்த மக்கள்" என்றது உன் குரல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீ அதைச் சொல்லவே இல்லை. ஒலிப்பதிவில் உனக்குப் பக்கத்தில் இருந்தவள் நான்.

அந்த இடத்தில் இருந்த பெயருக்காக நீ பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். எழுத்தைப் பார்த்து நாம் இருவரும் 'ஆர்மேனியன்ஸ்' என்றுதான் வாசித்துக்கொண்டிருந்தோம். ஆங்கில மூலத்தைக் காதில் போட்டுக் கேட்டு நீதான் பிடித்தாய். 'ர்' இருக்கிற இடமே தெரியாது, அழுத்தம் முழுக்க 'மீ'யில்: ஆ-மீ-னியன்ஸ். தமிழில் ஆர்மீனியர் என்று என் பிரதி முழுவதையும் திருத்தவைத்தாய். அதோடு விட்டாயா? ஆர் இவர்கள் என்று தெரியாமல் வாசிக்க மாட்டேன் என்று தேடித் தேடிப் படித்தாய். தங்களுடைய மொழியில் அவர்கள் தங்களை 'ஹாய்' என்று சொல்வார்கள் என்று கண்டுபிடித்த அன்று, "பாரன், நாங்கள் போனில ஒவ்வொரு நாளும் அவையைத்தான் கூப்பிட்டிருக்கிறம்" என்று சிரித்தாய்.

அது அந்த நாட்டில் இருப்பவர்களின் பெயர் மட்டும்தானே என்று நான் கேட்டேன்.

"இல்லையடி. லெபனானில இருக்கிறவைக்கும் பிரான்சில இருக்கிறவைக்கும் அதே பேர்தான். பாரிசில இருக்கிற என்ர அண்ணா தமிழன் இல்லையோ?"

அதன் பிறகு எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

பதிவு முடிந்து ஒரு வாரத்தில் ஸ்டூடியோ முதலாளி உன்னைத் திரும்பக் கூப்பிட்டார். "வாயில நுழையாத பேர், பிள்ளை. 'அந்த மக்கள்' எண்டு மாத்தி வாசிச்சு விடுங்கோ. ஆருக்கும் நோகாது."

நீ ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாய். "பேரில்லாத சனத்தையோ வீட்டை விட்டுக் கலைச்சவங்கள்?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கொட்டாஞ்சேனை வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாய். அவர் அதற்குப் பிறகு உனக்கு வேலையே தரவில்லை. படம் பெட்டிக்குள் கிடந்தது. உன்னைப் பொரளைக் கனத்தை மயானத்தில் அடக்கம் செய்யும்வரை காத்திருந்துதான் வெளியே எடுத்திருக்கிறார்.

தையல்கடையிலிருந்து நேரே அவரிடம் போனேன். அவருக்கு ஒரு கூச்சமும் இல்லை. "கம்ப்யூட்டரில செய்தது. அவவின்ர குரல் எங்களிட்ட நிறையக் கிடக்கு, என்னத்தையும் சொல்லவைக்கலாம். அவ இருந்திருந்தாலும் கடைசியில ஓம் எண்டுதான் சொல்லியிருப்பா."

உயிரோடு உன்னிடம் வாங்க முடியாத ஓமைச் செத்த பிறகு எடுத்துக்கொண்டிருக்கிறார். நீ பயிற்சி செய்து எனக்கு அனுப்பிய குரல்பதிவை என் போனில் சத்தமாகப் போட்டுக் காட்டினேன். நீ அந்தப் பெயரை ஆங்கிலத்திலும் தமிழிலும் மாறி மாறிச் சொல்லும் பதிவு. கேட்டாவது வெட்கப்படுவார் என்று நினைத்தேன்.

"நல்ல கிளியரா இருக்கே," என்றார். "அதை அனுப்பி விடுங்கோ. பேர்தானே வேணும்? அவவின்ர குரலிலயே மெஷின் சரியாச் சொல்லும். ரெண்டாம் பாகத்துக்கும் உதவும்."

ஒரு நிமிடம் தடுமாறினேன், மறைக்க மாட்டேன். பெயர் திரும்ப வந்துவிடும். ஆனால் நீ திரும்பவும் அந்த மெஷினுக்குள் போவாய். நாளைக்கு அது உன்னை வேறு என்ன சொல்லவைக்குமோ. போனைக் கைப்பையில் வைத்துப் பூட்டினேன்.

"அவவின்ர குரலை எடுத்துவிடுங்கோ. அந்த இடத்தில நான் வாசிக்கிறன்."

"உங்கட குரல் கரகரப்பு. ஒட்டுப்போட்டது அப்பிடியே தெரியும். வடிவா இராது."

"தெரியட்டும். பாக்கிற சனம் ஏனெண்டு கேக்கட்டும்."

அவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் பாகத்தின் தமிழ் என்னிடம் முடிந்து கிடக்கிறது. அதுவரை அதை நான் கொடுக்கப்போவதும் இல்லை. அவர் போன் அடிக்கும்போதெல்லாம் அதையேதான் சொல்கிறேன். எனக்குக் கோபம் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.

உன் பதிவை இன்று காலையிலும் கேட்டேன். கடைசியில் கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "கேட்டனியோ? இப்ப நீ சொல்லு பாப்பம்" என்கிறாய்.

ஆர்மீனியர். சொல்லிவிட்டேன்.