உங்கள் அம்மா கப்பலேறிய வாரம்

லக்சர்,
வெள்ளிக்கிழமை

அன்பான மம்தூஹுக்கு உங்கள் ஷாஹிரா எழுதுவது. இறைவனின் அமைதி எப்போதும் உங்கள்மேல் இருக்கட்டும்.

இங்கே எல்லோரும் நலம். குவைத்தில் வெயில் ஐம்பதைத் தொட்டதாகச் செய்தியில் சொன்னார்கள். மதியத்தில் வெளியே அலையாதீர்கள். தினமும் போனில் பேசுகிறவள் ஏன் திடீரென்று கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். பிடிக்காத பேச்சு வந்தால் சிக்னல் சரியில்லை என்று போனை வைத்துவிடுவது உங்கள் வழக்கம். கடிதத்திடம் அந்தச் சாக்கு செல்லாது. விடுமுறை முடிந்து திரும்பும் உங்கள் அறைத்தோழர் ஸக்கரிய்யாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கெட்ட செய்தி எதுவும் இல்லை. கடைசிவரை படியுங்கள், அது போதும்.

ஸ்பானியச் சுற்றுலாக் குழு ஒன்றை முதன்முறையாக வழிகாட்டியாக நானே தனியாக அஸ்வான்வரை கூட்டிப்போனேன் அல்லவா? எல்லோரும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்கள். கோடைகாலம் என்பதால் கப்பலில் பாதி அறைகள் காலி. வீட்டில் ஒருவரை உடன் அழைத்துக்கொள்ளலாம் என்று நிறுவனத்தில் சொன்னார்கள். உங்கள் அம்மாவைக் கேட்டேன். அப்பா போன இந்த நாலு வருடத்தில் அவர் சந்தைக்கும் கல்லறைக்கும் தவிர எங்கே போனார்? முதலில் முடியாது என்றார். "செத்தவங்க கல்லறையைப் பாக்கறதுக்குக் கப்பல்ல வேற போகணுமா? நம்ம தெருக்கோடியிலேயே இருக்கே" என்றார். மறுநாள் காலையில் பார்த்தால் பெட்டியோடு வாசலில் நிற்கிறார். பெட்டி நிறைய ரொட்டி. கப்பல் ரொட்டி வாயில் வைக்க விளங்காதாம்.

முதல் நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை. எஸ்னா அணையில் நீர்மட்டம் மாற்றும் மடைக்குள் கப்பல் காத்து நின்றபோதுதான் மேல்தளத்துக்கு வந்தார். நீங்கள் பார்த்திருப்பீர்கள், சின்னப் படகுகளில் வியாபாரிகள் வந்து, துணிகளைப் பைக்குள் சுருட்டி மேலே எறிவார்கள். என் ஆசிரியர்கள் விலை புரியாமல் விழித்தார்கள். உங்கள் அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். "ஏம்ப்பா, இது துணியா, மீன் பிடிக்கற வலையா? இதைப் போட்டா எங்க ஊர்ல கொசுகூடச் சிரிக்கும்" என்று கத்தினார். கீழிருந்து அவன், "அம்மா, நீங்க வெளிநாட்டுக்காரங்க பக்கமா, எங்க பக்கமா?" என்றான். "நான் நியாயத்துப் பக்கம்" என்றார். விலை மளமளவென்று இறங்கியது. ஆசிரியர்கள் எல்லோரும் துணி வாங்கினார்கள். அவன் கடைசியாக ஒரு பச்சை அங்கியை, அம்மாவுக்கு இனாம் என்று எறிந்தான். துக்கக் கறுப்பைத் தவிர வேறு எதையும் அவர் கையால் தொட்டு எத்தனை நாளாயிற்று? வாங்கி மடித்து மடியில் வைத்துக்கொண்டார். திருப்பி எறியவில்லை.

கப்பலை ஓட்டும் ரையிஸ் ஷஹாத்தா இதையெல்லாம் மேலறைச் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எஸ்னாக்காரர், மனைவியை இழந்து வெகுகாலம் ஆனவர், மகள்களைக் கட்டிக்கொடுத்துவிட்டார். எதிரே வரும் கப்பலுக்கு ஹார்ன் அடிப்பதைத் தவிர அதிகம் சத்தம் போடாதவர்.

மறுநாள் எட்ஃபு கோயில். கூடவே வந்தார் உங்கள் அம்மா. டெண்டராவிலிருந்து ஹத்தோர் தேவி ஆண்டுதோறும் படகேறி வந்து, இங்கே பருந்துத் தலை கொண்ட கணவன் ஹோரஸோடு சில நாள் இருந்துவிட்டுப் போவாள் என்று சுவரைக் காட்டி விளக்கினேன். என்ன சொல்கிறாய் என்று கேட்டார். நம் மொழியில் சொன்னேன். "வருஷா வருஷம் பொண்டாட்டிதான் அலையணுமா? அந்தப் பருந்து மூஞ்சிக்காரனுக்குத்தான் றெக்கை இருக்கே, பறந்து போறதுக்கென்ன?" என்றார். அதை ஸ்பானிஷில் சொன்னதும் ஆசிரியைகள் எல்லோரும் கைதட்டினார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு சுவரின் முன்னாலும் என்னைப் பார்க்காமல் அவரையே பார்த்தார்கள்.

சிரிப்பு அதோடு நின்றது. குதிரை வண்டிகளில் கப்பலுக்குத் திரும்பி எண்ணிப்பார்த்தால் ஓர் ஆள் குறைகிறார். எவுசேபியோ என்ற கணக்கு வாத்தியார், எழுபதைத் தாண்டியவர். ஏறிய வண்டி வரவேயில்லை. அவருடைய போன் அறையில் கிடந்தது. தனியாகப் பொறுப்பேற்ற முதல் பயணத்திலேயே ஆளைத் தொலைத்தவளுக்கு அடுத்த குழுவை யார் தருவார்கள்? அதைவிட, அந்த மனிதர் இதய மாத்திரை சாப்பிடுகிறவர்.

கப்பல் கிளம்பும் நேரம். எங்களுக்குப் பின்னால் கரையில் கட்ட இடம் கிடைக்காமல் காத்திருந்த கப்பல்கள் ஹார்ன் அடித்தன. அந்த வண்டிக் குதிரை எப்படி இருந்தது என்று மற்றவர்களைக் கேட்டேன். கழுத்தில் நீலமணி, தலையில் சிவப்புக் குஞ்சம் என்றார்கள். எட்ஃபுவில் எந்தக் குதிரைக்குத்தான் நீலமணி இல்லை?

உங்கள் அம்மா நேராக ரையிஸின் அறைக்கு ஏறிப்போனார். "நான் வர்ற வரைக்கும் கயித்தை அவுக்கக் கூடாது" என்றார். ரையிஸ், "கப்பலை நிறுத்தச் சொல்ல நீங்க யாரும்மா?" என்று கேட்டார். "கப்பல்ல இருக்கற ஒரே எட்ஃபு மருமக பேசறேன். என் மாமியார் ஊர் இது. என் விருந்தாளி இந்த ஊர்ல காணாமப்போக விட மாட்டேன்" என்றார். ரையிஸ் வயர்லெஸ்ஸை எடுத்து, எஞ்சினில் கோளாறு, கொஞ்சம் பொறுங்கள் என்று எல்லாக் கப்பலுக்கும் சொன்னார். சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு தானும் இறங்கி வந்தார்.

வண்டி நிறுத்தத்தில் நான் குதிரையைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தேன். உங்கள் அம்மா, "குதிரையை விடு பொண்ணே. அந்த வண்டிக்காரன் கையில புது மருதாணி இருந்துச்சு, நான் பாத்தேன். யார் வீட்ல கல்யாணம்?" என்று கேட்டார். அங்கிருந்த வண்டிக்காரர்கள் மறு நிமிடமே வீட்டைச் சொல்லிவிட்டார்கள்.

போய்ப் பார்த்தால் கணக்கு வாத்தியார் பந்தலின் நடுவில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். முன்னால் புறா வறுவல். கையில் மருதாணி. தம்பியின் கல்யாணத்துக்கு நேரமாகிவிட்டதால் விருந்தாளியையும் சேர்த்துக் கூட்டிவந்துவிட்டேன் என்றான் வண்டிக்காரன். வாத்தியார் என்னைப் பார்த்ததும் பந்தலைக் காட்டி, இந்தக் கோயில்தான் இதுவரை பார்த்ததிலேயே சிறந்தது என்றார். நான் சிரிக்கவா அழவா என்று நின்றேன். உங்கள் அம்மாதான் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, முக்காடு நழுவுவதுகூடத் தெரியாமல் சிரித்தார். ரையிஸ் ஷஹாத்தா பந்தலைப் பார்க்கவில்லை. உங்கள் அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். அடுத்த நிறுத்தமான கோம் ஓம்போ போகும்வரை உங்கள் அம்மா மேல்தளத்தில், ரையிஸின் சன்னலுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எல்லோர் கண்ணுக்கும் தெரியும் இடம். ரையிஸ் ஆற்றின் மணல்திட்டுகளைக் காட்டினார், உங்கள் அம்மா அவர் சாப்பிடும் பொரித்த மீனில் உப்புக் குறைவு என்றார். மறுநாள் இவரே சமையலறைக்குப் போய் மசாலா தடவிக் கொடுத்தார். அஸ்வானில் இறங்கிய காலையில் அந்தப் பச்சை அங்கியைப் போட்டிருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ரையிஸ் வெளுத்த அங்கியும் புதுத் தலைப்பாகையுமாக என்னிடம் வந்தார். "மகளே, இந்த வயசுல கேக்கறதுக்கு வெக்கமாத்தான் இருக்கு. ஆனா கேக்காம விட்டா அதைவிட வெக்கம். நான் யாரைப் பாக்கணும்?" என்றார். மகனைத்தான் என்றேன்.

அன்று மாலை உங்கள் அம்மாவிடம் சொன்னேன். "ஊர் என்ன சொல்லும்ங்கறது எனக்குத் தெரியும். அதுக்கு நான் பதில் சொல்லிக்குவேன். மம்தூஹ் மனசு நொந்தா மட்டும் என்னால தாங்க முடியாது. அவன் வேண்டாம்னா, நீயும் கேக்கல, நானும் சொல்லல" என்றார். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை, மம்தூஹ். அதைக் கவனியுங்கள்.

உங்கள் அப்பா எனக்கும் அப்பாதான். அவருடைய இடம் அவருடையதே. ஆனால் நான் மாதத்தில் பாதி நாள் ஆற்றில் இருக்கிறேன், நீங்கள் வருடம் முழுவதும் பாலைவனத்தில் இருக்கிறீர்கள். அந்த வீட்டில் தினமும் சாப்பாட்டை ஒரே ஒரு தட்டில் போட்டுக்கொண்டு தனியாக உட்காருகிறவர் உங்கள் அம்மாதான். எனக்குப் பதில் எழுத வேண்டாம். அவருக்கு எழுதுங்கள். என்ன எழுதினாலும் மெதுவாக எழுதுங்கள்.

என்றும் உங்கள்,
ஷாஹிரா

*

குவைத்

அன்புள்ள அம்மாவுக்கு மகன் மம்தூஹின் வணக்கமும் முத்தமும்.

ஷாஹிராவின் கடிதம் வந்தது. வந்த அன்று கோபத்தில் மடித்து வைத்துவிட்டேன். ஸக்கரிய்யாவோடும் பேசவில்லை. பிறகு மறுபடி படித்தேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய் என்று எழுதியிருந்தாள். அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். நீ அப்படிச் சிரித்ததை நான் கடைசியாக எப்போது பார்த்தேன் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

அந்த மனிதரைப் பற்றி இங்கிருக்கும் எஸ்னாக்காரர்களிடம் விசாரித்தேன். ஒருவரும் குறை சொல்லவில்லை. ஆனாலும் நானே நேரில் பார்க்க வேண்டும். பெருநாள் விடுமுறைக்கு வருகிறேன். அதுவரை அவரைப் பொறுத்திருக்கச் சொல். பெண் கேட்டு வருகிறவரை வாசலில் நின்று வரவேற்க, நம் வீட்டு ஆண்பிள்ளை ஒருவன் வேண்டும்.

அப்பாவின் சாய்வு நாற்காலியை மட்டும் எடுத்துப்போகாதே, அம்மா. அது நம் கூடத்திலேயே இருக்கட்டும். வரும்போது நான் உட்கார்ந்துகொள்கிறேன்.

இறைவன் உன்னை எனக்காக நீண்டகாலம் வைத்திருக்கட்டும்.

உன் மகன்,
மம்தூஹ்